சமூக பொருளாதாரத் தகுநிலையும் உளவியல் ஆய்வும்: பருத்தித்துறையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

உளவியல் ஆய்வுகளிலே வயது, பால் ஆகியவற்றுடன் சமூக பொருளாதாரத் தகுநிலையும் ஒரு மாறியாகக் கொள்ளப்படுவது வழக்கம். வயதை ஆண்டுகளால் அளந்துவிடலாம். தகுநிலையை அளப்பதற்கு முன்னர் அது யாது என்ற வினாவுக்கு விடை காணப்படல் வேண்டும். அவ்வினாவைத் தவிர்த்துவிட்டு அளவீட்டுக்கு விரைவதே இத்துறை ஆய்வுகள் பலவற்றின் குறைபாடாகும்.

பெருவழக்காயுள்ள அளவுகோல்கள் இரண்டை நோக்கலாம். அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஹொலிங்ஸ்ஹெட் 1975இல் வகுத்த நாற்காரணிச் சுட்டி, தொழிலுக்கு 5, கல்விக்கு 3 என நிறையளித்து, 8 முதல் 66 வரை புள்ளியிடுகின்றது. இந்திய உளவியலாளர் குப்புசுவாமி 1976இல் நகர்ப்புறக் குடும்பங்களுக்கென வகுத்த அளவுகோல், குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்ப வருமானம் ஆகிய மூன்றையும் கூட்டி 3 முதல் 29 வரை புள்ளியிடுகின்றது. இரண்டும் கையாள எளியவை, ஒப்பீட்டுக்கு உதவுபவை. ஆயினும் தொழில் நிலையானது, வருமானம் ஒழுங்காக வருவது, குடும்பத்தின் தகுதி உழைப்பவரைச் சார்ந்தது என்னும் எடுகோள்களை அவை சுமந்து நிற்கின்றன.

பருத்தித்துறையில் இவ்வெடுகோள்கள் எத்துணை பொருந்தும்? வள்ளமும் வலையும் உடைய சம்மாட்டியும், அவ்வள்ளத்திலே பங்குக்குச் செல்லும் தொழிலாளியும் வினாக்கொத்திலே “மீன்பிடி” என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடலாம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே கடல் கொந்தளிக்க, இருவர் வருமானமும் குன்றும். ஆனால் கடன்படுபவர் பெரும்பாலும் பின்னவரே. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரொன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது இயந்திர வள்ளங்களை நம்பிய குடும்பங்கள் தளர்ந்தன. அவற்றின் தொழிற்புள்ளியோ மாறவில்லை.

சொத்துடைமையும் இவ்வாறே. தேசவழமை மரபிலே வீடும் வளவும் சீதனமாக மகளைச் சேர்வதுண்டு. கணவனின் தொழிலை மட்டும் வினவும் ஆய்வாளர், மனைவியின் பெயரிலுள்ள வீட்டைக் காணமாட்டார். வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பும் பணமும் உள்ளூர்த் தொழிற்பட்டியலில் இடம்பெறுவதில்லை. 1990இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வடமராட்சிக் கரையோரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கடற்றொழிலாளர் குடும்பங்களிடம் காணிக்குரிய உறுதி இருந்திருக்கலாம். காலடி வைக்கக் காணி இருக்கவில்லை. சாதிவழி வந்த மதிப்பும் இழிவும் எந்தக் கூட்டலிலும் அடங்குவதில்லை.

இவற்றுக்கு மாற்றாக, நான்சி அட்லரும் குழுவினரும் 2000இல் எடுத்தாண்ட பத்துப் படி ஏணியைக் காட்டுவர் சிலர். சமூகத்தில் தமக்குரிய படியை ஆய்வுக்குட்படுவோரே அதிற் குறிப்பர். தாழ்வுணர்ச்சியை ஆராய்வதற்கு இது ஏற்றது. ஆயினும் ஒருவர் தம்மை அயலவரோடு ஒப்பிடுகின்றாரா, ரொறன்ரோவிலுள்ள உறவினரோடு ஒப்பிடுகின்றாரா என்பது வினவப்படாதவிடத்து, ஒரே படி வெவ்வேறு பொருள் தரும்.

இஃது அளவையியல் நுட்பம் பற்றிய பூசல் மட்டுமன்று. 1987 வடமராட்சிப் படை நடவடிக்கை, 2004 ஆழிப்பேரலை, 2009 வரை நீடித்த போர் ஆகியவற்றைக் கண்ட பிரதேசத்திலே, மனத்துயரின் காரணத்தைப் பிரித்தறிவது சிகிச்சையோடும் உதவியோடும் தொடர்புடையது. கற்றும் உடைமையிழந்த குடும்பமும், கல்வி குறைந்தும் வெளிநாட்டுப் பணத்தால் வாழும் குடும்பமும் ஒரே புள்ளியைப் பெறக்கூடும். முன்னதை வருத்துவது இழப்பு. பின்னதை வருத்துவது பிரிவாக இருக்கலாம். கூட்டுத்தொகை இரண்டையும் மறைத்துவிடும். அதன் விளைவாக, வறுமையின் விளைவு போருக்கும் போரின் விளைவு வறுமைக்கும் ஏற்றப்படும்.

ஆதலின் வருமானம், உடைமை, கடன், கல்வி, இடப்பெயர்வு, சமூக மதிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பதிதல் வேண்டும். இவற்றுள் எது, எவ்வழியாக உள்ளத்தைத் தாக்குகின்றது என்ற கருதுகோளை ஆய்வாளர் முதலிலே கூறல் வேண்டும்; அதற்கேற்ற அளவுகோலைப் பின்னர் தெரிதல் வேண்டும். கருதுகோளின்றிப் பெறப்படும் புள்ளி, எத்துணைத் துல்லியமாகக் கணிக்கப்பட்டதாயினும், எதனை அளந்தது என்பதை எவரும் அறியார்.