மல்லிகைச் சரமும் மேலாடையும்

1873இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் ரவிவர்மாவின் ‘கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்’ கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் பரிசு. நம் ஓவிய வரலாறுகள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஐரோப்பியத் தைலவண்ணத்தை ஒரு இந்தியர் கைப்பற்றிய கதையாக மட்டுமே இது சொல்லப்படுகிறது. படத்தில் இருப்பவள் யார், அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நாம் யார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

அவளுக்குப் பெயர் கிடையாது. சாதி மட்டும் உண்டு. மகாராஜாக்களையும் மகாராணிகளையும் பெயரோடு வரைந்த அதே கை இவளை ஒரு மாதிரியுருவாக ஆக்கி வைக்கிறது. 1874இல் காட்சிக்கு வந்த, சரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இதே கதிதான்.

தைலவண்ணம் துணியின் மடிப்பைத் தொட்டுப் பார்க்கலாம்போலக் காட்டுகிறது. அந்த மடிப்பில்தான் அரசியல் இருக்கிறது. இந்தப் படத்துக்கு 14 ஆண்டுகளுக்கு முன்பு, 1859இல், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. ஆனால் ‘மேல்சாதி’ப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்று நிபந்தனை. ரவிவர்மாவின் கிளிமானூர் அந்த சமஸ்தானத்தில்தான் இருந்தது. ஆக, நாம் நளினம் என்று ரசிக்கிற அந்த உடுத்தும் விதம் இன்னொருத்திக்குச் சட்டம் போட்டு மறுக்கப்பட்டது. இதைத் தள்ளிவைத்துவிட்டு ‘அழகியல் வாசிப்பு’ என்று ஒன்றைச் செய்ய முடியுமா?

புதுக்கோட்டைக்காரர்களுக்குப் பூவேந்திய உருவம் என்றால் சித்தன்னவாசல் ஞாபகம் வரும். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டு விதானத்தில், தாமரைக் குளத்தில் பூப்பறித்து நிற்பவர்கள் ஆண்கள். சமவசரணக் காட்சி என்பார்கள். பூ அங்கே பெண்ணின் ஒப்பனைப் பொருள் அல்ல. சமண நம்பிக்கையின் ஒரு பகுதி. தூண்களில் ஆடும் பெண்களும் இருக்கிறார்கள் என்பதால் அங்கே போய் பொற்காலம் எதையும் தேட வேண்டாம். பூ என்றால் பெண் என்பது இயற்கை அல்ல, கட்டப்பட்டது என்று காட்ட அந்தக் கூரை போதும்.

1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கிய பிறகு இந்தப் பெண்ணுருவம் லட்சுமியாக, சரஸ்வதியாக வீட்டுச் சுவர்களுக்கு வந்தது. அப்புறம் காலண்டர், ஜவுளிக்கடை விளம்பரம், சினிமா. நம் சிறுகதைகளிலும் கதாநாயகி மல்லிகை வாசனையோடுதான் உள்ளே வருகிறாள். புருஷன் செத்தால் தலையிலிருந்து பிடுங்கப்படுகிற பூவும் இதுதான் என்பதைச் சிலரே எழுதியிருக்கிறார்கள். விடிகாலையில் பூப்பறித்து, கட்டி, முழம் போட்டு விற்று, தன் தலையில் ஒரு கிள்ளுகூட வைக்காமல் வீடு திரும்புகிறவளை இன்னும் குறைவாக.

ரவிவர்மாவைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அவர் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தச் சட்டகத்துக்குள் வர அனுமதிக்கப்படாதவளையும் சேர்த்துப் பார்க்காதவரை, நாம் அந்தப் படத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறோம் என்பதே என் வாதம்.