கேட்டவளின் இடம்

“நம்ம ஆதி மதம் எதும்மா?” என்றாள், கச்சிராயபாளையத்திலிருந்து வரும் மாணவி.

பிரிட்டனும் இப்படித் தேடியது. பழைய ட்ரூயிட் குருமார் தம் நெறியை எழுதிவைக்கவில்லை. எஞ்சியவை ரோமானியர் குறிப்புகள். 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் சடங்கு நடத்திய யோலோ மோர்கன்வ், அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பினார். இயற்கையைப் புனிதமாகக் கொள்ளும் இன்றைய ட்ரூயிட் நெறியிலும் அவர் எழுதிய வேண்டுதல் ஒலிக்கிறது.

ஆசீவகத்துக்கும் சொந்த நூல் மிஞ்சவில்லை. மணிமேகலையும் நீலகேசியும் மறுப்பதற்காகச் சொன்னவையே தமிழில் முதன்மைச் சான்று. அதைத் தமிழரின் ஆதிநெறியாக மீட்போர் ஆண் ஆசான்களையே வரிசைப்படுத்துகிறார்கள். வஞ்சியில் ஆசீவகரிடம் கேட்டவள் மணிமேகலை. வாதில் வென்றவள் நீலகேசி. இருவரும் தத்தம் சமயத்துக்காகப் படைக்கப்பட்டவர்கள்தான். என்றாலும் கேள்வி கேட்கும் இடம் அங்கே பெண்ணுடையது.

மாணவியிடம் சொன்னேன்: “யார் பதில் சொன்னாலும், அந்த இடத்தை விட்டுடாதே.”