வானிலிருந்து மில்லிமீட்டர் அளக்கலாம்!

693 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒரு ரேடார், ஜகார்த்தாவின் ஒரு தெரு ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று சொல்லிவிடுகிறது. அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் ஒரு பைசா கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அந்த ரேடாரைச் சுமப்பவை சென்டினல்-1 செயற்கைக்கோள்கள். முதலாவதை ஐரோப்பிய விண்வெளி முகமை 2014 ஏப்ரலில் ஏவியது. அது 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வந்து, அதே கோணத்தில் தரைமேல் அலையை வீசும். இரவானாலும் மேகம் கவிந்தாலும் அதற்குத் தடையில்லை. ஜகார்த்தா இருக்கும் ஜாவா தீவை மழைக்காலத்தில் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. திரும்பி வரும் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் கருவி பதிந்துகொள்கிறது. இரு வேறு நாட்களின் பதிவுகளை ஒப்பிட்டுக் கழித்தால், தரை நகர்ந்த அளவு வண்ணப் பட்டைகளாக விரியும். அலை போய்த் திரும்புவதால் ஒரு முழுப் பட்டைக்குப் பாதி அலைநீளம், 2.8 செ.மீ. கணக்கு. ஸ்னாப் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பட்டைகள் முதன்முதலாக எழுந்தபோது வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு படத்தை மட்டும் நம்ப முடியாது. காற்றின் ஈரமும் அலையைத் தாமதிக்கவைக்கும். தரை இறங்கியது போலவே தெரியும். இதற்கு மிலான் பாலிடெக்னிக்கின் ஃபெரெட்டி, பிராட்டி, ரோக்கா மூவரும் 2001ல் வெளியிட்ட கட்டுரை காட்டிய வழி இருக்கிறதே, அதன் அழகே தனி! கட்டட முனை, பாலம் என்று ஆண்டுக்கணக்கில் மாறாமல் பிரதிபலிக்கும் புள்ளிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, ஏராளமான படங்களில் பின்தொடர்கிறார்கள். ஈரம் படத்துக்குப் படம் தாறுமாறாக மாறும். நிலத்தின் இறக்கம் ஒரே போக்கில் தொடரும். அப்படி இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

ஜகார்த்தாவில் நிலம் இறங்கும் வேகம் நெஞ்சை உலுக்கும். சென்டினல் ஏவப்படும் முன்பே பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தின் ஹசனுதீன் அபிடின் குழு, 1982 முதல் 2010 வரையிலான அளவீடுகளை ஆராய்ந்து, இறக்கம் பொதுவாக ஆண்டுக்கு 1 முதல் 15 செ.மீ., சில இடங்களில் சில காலங்களில் 20 முதல் 28 செ.மீ. வரை என்றது. குழாய்நீர் எட்டாத வீடுகளும் ஆலைகளும் ஆழ்துளைக் கிணறுகளில் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. நீர் போகப் போக வண்டல் களிமண் இறுகுகிறது. கட்டடப் பாரமும் சேர்ந்துகொள்கிறது. வடகரையில் முவாரா பாருவில் கடல்சுவருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு மசூதி நீரில் நிற்கிறது. சுவருக்கு உள்ளே, கடல்மட்டத்துக்குக் கீழே, மக்கள் குடியிருக்கிறார்கள்.

எந்தக் கரைக்கு ஆபத்து அதிகம் என்று மதிப்பிட, சரிவு, அரிப்பு, அலை உயரம், ஓதத்தின் வீச்சு, கடல்மட்ட உயர்வு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஒரு குறியீட்டெண் கணக்கிடுவது பழைய முறை. கடல்மட்டத்துக்கு மட்டும் பெரும்பாலும் நீண்ட கரை முழுவதற்கும் ஒரே எண். உலகச் சராசரி உயர்வு 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு சுமார் 3.7 மி.மீ. ஜகார்த்தாவின் நிலமோ அதைப் போல் பல மடங்கு வேகத்தில், அதுவும் பேட்டைக்குப் பேட்டை வெவ்வேறாக இறங்குகிறது! இந்த இறக்கத்தை வரைபடத்தில் சேர்த்துப் பாருங்கள். ஒரே நிறத்தில் கிடந்த கரை துண்டு துண்டாகப் பிரிந்து, எந்தச் சுவரை முதலில் உயர்த்துவது, எந்தக் கிணற்றை முதலில் மூடுவது என்று காட்டத் தொடங்குகிறது. கிணற்றை மூடினால் பலன் உண்டு என்பதற்கு டோக்கியோ சாட்சி. நிலத்தடி நீருக்குச் சட்டம் கடிவாளம் போட்டபின், 1970களில் அங்கே இறக்கம் வெகுவாகத் தணிந்தது. கடல் ஏறுவதை ஒரு நகராட்சி நிறுத்த முடியாது. நிலம் இறங்குவதை நிறுத்தலாம்! எனக்கு இந்தத் துறைமேல் இத்தனை ஆசை வந்ததே இதனால்தான்.

செடிகொடி அடர்ந்த இடங்களில் சென்டினலின் குட்டை அலை தடுமாறும். படத்துக்குப் படம் இலைகள் மாறிவிடுவதால் ஒப்பீடு குலைந்துபோகும். அதற்கும் வழி வந்துவிட்டது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் செயற்கைக்கோள், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. அதன் ஒரு ரேடாரின் அலைநீளம் சுமார் 24 செ.மீ. இலைகளுக்குள் ஊடுருவித் தரைவரை போகக்கூடியது. ஜாவாவின் டெமாக் கரையில் வயலும் மீன்குளமும் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. நிசார் தரவில் நான் முதலில் திறக்கப்போவது அந்தக் கரையைத்தான்.