கிள்ளான் பள்ளத்தாக்கின் சுருக்கப் பெயர்கள்: மரூஉ வழக்கா?

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளின் உரையாடல்களை நோக்கின் ஒரு முரண் அடிக்கடி புலப்படும். பாத்திரங்கள் பேச்சு வழக்கிலேயே பேசுவர். 'சடக்கு' என்பர், 'பசியாறியாச்சா' என்பர். ஊர்ப்பெயர் வரும் இடத்தில் மட்டும் 'பெட்டாலிங் ஜெயா', 'கோலாலம்பூர்' என முழுப்பெயரைச் செவ்வனே ஒலிப்பர். வாழ்க்கையில் அவ்வாறு பேசுவார் அரியர். 'பீஜேக்குப் போறேன்', 'கேயெல்லுல வேலை' என்பதே கேட்கும் வழக்கு. மாணவர் கட்டுரைகளில் ஆசிரியர்கள் இவற்றைச் சிவப்பு மையால் அடிப்பதுண்டு. கட்டுரைக்கு அத்திருத்தம் தகும். பேச்சைப் படைத்துக் காட்டும் இலக்கியத்திற்கும் அதனையே விதிப்பது தகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

பெயர் சுருங்குதல் தமிழுக்குப் புதிதன்று. நன்னூல் மரூஉவை இயல்பு வழக்கினுள் அடக்குகிறது. சோழநாடு சோணாடு ஆனதும் தஞ்சாவூர் தஞ்சை ஆனதும் அவ்வகையின. இந்நாட்டுத் தமிழரும் குவாலாலம்பூரைக் கோலாலம்பூர் ஆக்கினர். கிளாங் என்னும் பெயரின் முதலில் இரு மெய்கள் சேர்ந்து நிற்க, தமிழ் நா இடையில் இகரம் பெய்து கிள்ளான் என வழங்கியது. இவை மரூஉவிற்கு அண்மையானவை. பீஜே, கேயெல் என்பன வேறு. இவற்றில் பெயரின் ஒலியுடல் தேய்ந்து நிற்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் பெயர்களே எஞ்சியுள்ளன. ஆதலின் இவற்றை மரூஉ எனல் பொருந்தாது.

எனினும் இவை தமிழுக்குப் புறம்பாக நிற்கின்றன என்றும் கூறவியலாது. 'கே', 'எல்' ஆகியவற்றிடையே யகர உடம்படுமெய் தானே தோன்றுகிறது. அதனினும் சுவையானது வேற்றுமை உருபேற்கும் முறை. 'மணல்' என்பது 'மணலுக்கு' ஆகும், லகரம் இரட்டிக்காது. 'கேயெல்' மட்டும் 'கேயெல்லுக்கு' ஆகிறது. பேசுவோர் உள்ளத்தில் 'எல்' தனிச்சொல்லாகவே நிற்பதால், தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர்வர இரட்டும் விதி இங்குத் தொழிற்படுகிறது. இலக்கண வகுப்பில் இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. ('எஸ்எஸ் டூ' என்பதை 'எஸ்எஸ் இரண்டு' என எவரும் கூறாமை தனி ஆய்வுக்குரியது.)

சுருக்கம் எதனை மறைக்கிறது என்பது பெரிதும் பேசப்படாத பகுதி. யூஎஸ்ஜே என்பதன் முதலெழுத்து யூஈபி என்னும் நிறுவனத்தைக் குறிப்பது. யூஈபி தானும் ஒரு சுருக்கமே. 'யுனைடெட் எஸ்டேட்ஸ் புரோஜெக்ட்ஸ்' என்பது அதன் விரிவு. சுருக்கத்தினுள் சுருக்கமாக 'எஸ்டேட்' என்னும் சொல் புதைந்து கிடக்கிறது. அப்பகுதி எழுந்ததும் சீபீல்டு தோட்ட நிலத்திலேதான். டீடீடீஐ எனப்படும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், 1973ஆம் ஆண்டு மறைந்த துணைப் பிரதமரின் பெயரைத் தாங்குவது. நான்கெழுத்தில் அப்பெயரும் மறைகிறது. அதற்கு முன்பிருந்த புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டமும் மறைகிறது. அத்தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் 1980களில் இடம்பெயர்க்கப்பட்டு, நீள வீடுகளில் பல்லாண்டுகள் நிரந்தர வீட்டிற்காகக் காத்திருந்தன.

அக்குடும்பங்களைப் பற்றிக் கதை எழுதுவோர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டியின் வாயில் 'டீடீடீஐ' என்பதையும், நகரப் பள்ளியில் பயிலும் பேரனின் வாயில் 'கியாரா தோட்டம்' என்பதையும் வைத்தால் உரையாடல் பொய்த்துவிடும். இருவர் வாயிலும் முழுப்பெயரை வைப்பதாலும் அது மெய்யாகிவிடாது.