சமூகப் பாதிப்புநிலைக் குறியீடும் நெமிலிச்சேரியும்: அளவைமுறை குறித்த ஒரு திறனாய்வு

பேரிடரின் விளைவு வெள்ளத்தின் ஆழத்தை மட்டும் பொறுத்ததன்று. அதனை எதிர்கொள்ளும் மக்களின் நிலையையும் பொறுத்தது. இக்கருத்தை எண்ணளவில் நிறுவ முயன்றது, சூசன் கட்டரும் அவருடன் ஆய்ந்த இருவரும் 2003இல் வெளியிட்ட சமூகப் பாதிப்புநிலைக் குறியீடு. அமெரிக்கக் கவுண்டிகளின் 42 மாறிகளைக் காரணிப் பகுப்பாய்வின்வழி 11 காரணிகளாகச் சுருக்கி, அனைத்திற்கும் சம எடை அளித்துக் கூட்டுவதே இதன் முறை. இந்திய ஆய்வுகள் பலவும் இம்முறையைப் பின்பற்றி, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளைப் பயன்படுத்துகின்றன. இம்முறை எதைக் காட்டத் தவறுகிறது என்பதற்குச் சென்னையின் மேற்குப் புறநகரில், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே உள்ள நெமிலிச்சேரி தக்க சான்றாகும்.

முதற்குறை காலம் பற்றியது. கிராம அளவில் கிடைக்கும் தரவு 2011ஆம் ஆண்டினது. 2021இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. வெளிவட்டச் சாலையின் வண்டலூர்–நெமிலிச்சேரிப் பகுதி திறக்கப்பட்டதோ 2014இல். எனவே 2015, 2023ஆம் ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களை 2011இன் தரவுகொண்டு விளக்கும் ஆய்வு, சாலைக்கு முந்தைய ஊரையே அளக்கிறது.

இரண்டாவது குறை சராசரி பற்றியது. புதிய மனைப்பிரிவில் சொந்த வீடு கட்டியவரும், தாழ்வான பகுதியில் வாடகைக்கு இருக்கும் தினக்கூலித் தொழிலாளரும் ஒரே கிராமத்தின் கணக்கில் சேர்கின்றனர். முன்னவரின் கல்வியும் உடைமையும் ஊரின் பாதிப்புநிலை மதிப்பெண்ணைக் குறைக்கையில் பின்னவரின் நலிவு மறைகிறது.

மூன்றாவது குறை மாறிகளின் தெரிவு பற்றியது. வீட்டின் கூரை, சொந்த வீடா வாடகை வீடா என்பன கணக்கெடுப்பில் உண்டு. குடும்ப அட்டை உண்டா, அது எம்முகவரியில் உள்ளது என்பன இல்லை. ஆனால் மிக்ஜாம் புயலுக்குப்பின் அரசு அறிவித்த 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகள் வழியாகவே வழங்கப்பட்டது. அட்டை இல்லாதோர் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆக, மீட்சியை நேரடியாகப் பாதித்த ஒரு மாறிக்குக் குறியீட்டில் இடமே இல்லை.

இதனால் குறியீடு பயனற்றது என்பதன்று. மாவட்டங்களை ஒப்பிட அது உதவும். தெருவளவில் முடிவெடுக்க உதவாது. ஊராட்சி அளவிலான வீட்டுவாரி ஆய்வால் வாடகையாளரையும் புலம்பெயர் தொழிலாளரையும் தனித்துக் கணக்கிட்ட பின்னரே, குறியீட்டின் மதிப்பெண்ணை நிவாரணத் திட்டமிடலுக்கு அடிப்படையாகக் கொள்ளுதல் தகும்.