பேச்சிழந்த படைப்பு

1957-இல் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனத்திற்காக டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய ‘தி கர்ஸ் ஆஃப் பிராங்கன்ஸ்டைன்’ என்னும் வண்ணத் திரைப்படத்தின் சிறப்பு, அச்சத்தின் நிலைக்களனை இடம் மாற்றியமையே ஆகும். பீட்டர் குஷிங் நடித்த விக்டர், மூளையொன்றைப் பெறுதற்பொருட்டு முதிய பேராசிரியரைக் கொல்கின்றான். உருவால் கொடிய படைப்பினும் அறிவால் கொடிய மனிதனே அஞ்சத்தக்கவன் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், குறை ஒன்று உண்டு. மேரி ஷெல்லியின் 1818-ஆம் ஆண்டு நாவலில் அப்படைப்பு மொழி கற்றுத் தன் துயரைத் தானே உரைக்கின்றது. படத்திலோ, கிறிஸ்டோபர் லீ ஏற்ற அவ்வுருவுக்கு ஒரு சொல்லும் இல்லை. சிறையிலிருந்து கதை கூறுபவன் விக்டரே. படைத்தவன் குற்றத்தைக் காட்டும் படம், படைக்கப்பட்டதன் முறையீட்டைக் கேளாது விடுகின்றது. ஆதலின், காண்போர்க்கு அச்சம் தோன்றுமளவிற்கு இரக்கம் தோன்றுவதில்லை. மூலநூலை நோக்க, படம் இழந்தது இதுவே என்க.