உவமை சொல்ல யாருக்கு இடமுண்டு?

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவிகள் சிலர் என்னிடம் அணியிலக்கணம் கேட்க வருவார்கள். கையில் ஏப்ராம்ஸின் இலக்கியக் கலைச்சொல் நூல் இருக்கும். 1957இல் முதலில் வந்த புத்தகம், இன்றும் நகலெடுத்துப் படிக்கிறார்கள். நோட்டில் இரண்டு பத்தி போட்டிருப்பார்கள். சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம், மெட்டானமி என்றால் ஆகுபெயர். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1936இல் எழுதிய நூலில் வரும் டெனர், வெஹிக்கிள் இரண்டையும் நம் பொருளுக்கும் உவமைக்கும் நேராக எழுதிவிடலாம். தேர்வுக்கு இவ்வளவு போதும். எனக்குப் போதவில்லை. எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்கும் அந்த இரண்டு பத்தியில், ஒப்பிட்டது யார் என்ற கேள்விக்கு இடமில்லை.

ஒருமுறை அவர்களைக் கொடும்பாளூருக்கு அழைத்துப் போனேன். மூவர்கோயிலில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதில் அடித்தளம் மட்டும் மிச்சம். பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற தன் மனைவியர் பெயரிலும் மூன்றையும் எழுப்பினான் என்கிறது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. ஆகுபெயருக்கு நல்ல பாடம். அரசிகள் கல்லுக்குப் பெயராகிவிட்டார்கள். அவர்கள் பேசிய ஒரு சொல்லும் அந்தக் கல்லில் இல்லை.

நான் காட்ட விரும்பியது கோயிலை அல்ல, வழியை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவர் இந்த ஊரின் குளக்கரையைத்தான் அடையாளம் சொல்கிறார். அதைக் கடந்தால் சிவன் கைச் சூலம் போல வழி மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் சிறுமலை, இடப்பக்கம் திருமால்குன்றம், நடுவே காட்டுவழி. வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியர் பிரிக்கும் நான்கில் இது மெய், அதாவது வடிவத்தால் வந்த உவமை. அத்தோடு நிறுத்தினால் பாதிதான் படித்திருக்கிறோம். அணி என்ற சொல்லே நகையை நினைவூட்டுவது. இந்த உவமை நகை அல்ல, வழிகாட்டிப் பலகை. அதை வைத்துத்தான் மூன்று பேர் கால் எடுத்து வைக்க வேண்டும். சொன்னவர் ஆண், கேட்டவர் ஆண். எதிர்மொழி கவுந்தியடிகளிடமிருந்து வருகிறது. அவர் துறவி. இந்த உரையாடலில் கண்ணகி வாய் திறப்பதில்லை.

தொல்காப்பிய உவமவியலில் ஒரு விதி உண்டு. அகப்பாட்டின் உள்ளுறையில் தலைவி தான் அறிந்த பொருளை வைத்துத்தான் பேச வேண்டும். தோழி தங்கள் நிலத்தைத் தாண்டிய பொருளை எடுக்கக்கூடாது. தலைவன் பேச்சுக்கு அவனது அறிவின் உரன் அளவு. மற்றவர்களுக்கு இட எல்லையே கிடையாது. முதன்முறை படித்தபோது எரிச்சல்தான் வந்தது. இப்போது இதை வேறு விதமாக மதிக்கிறேன். யார் வாயில் எந்த உவமை என்பதை வெளிப்படையாக எழுதிவைத்த இலக்கணம் இது. கலைச்சொல் நூல்கள் மறைத்துவிட்டதை இது மறைக்கவில்லை.

விதி அகப்பாட்டுக்கானது, காப்பியத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கண்ணகியைப் பாருங்கள். கொடும்பாளூர் தாண்டி, பாண்டியன் அவையில் நின்று பேசும்போது அவள் எடுப்பது புறாவுக்காகத் தன் உடலைத் தந்தவனையும் பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனையும். வஞ்சினத்தில் சொல்வது புகாரின் ஏழு பத்தினிகளை. எல்லாம் அவள் ஊர்க் கதைகள். தான் அறிந்ததை மட்டுமே சொல்கிறாள். அதுவே அரசனை வீழ்த்தப் போதுமானதாக இருக்கிறது. இதை விதிக்குக் கீழ்ப்படிதல் என்பதா, விதியையே ஆயுதமாக்கியது என்பதா? மாணவிகள் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். நான் இரண்டாவது கட்சி.

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. முதல் தொகுப்புக்காகப் பிரசவித்த உடலைக் கல்குவாரிப் பள்ளத்தோடு ஒப்பிட்டு ஒரு கவிதை எழுதினேன். மூத்த ஆசிரியர் ஒருவர், "குவாரியெல்லாம் உங்க அனுபவத்துல இருக்காம்மா? வீட்டுக்குள்ள இருக்கறதச் சொன்னா இயல்பா இருக்குமே" என்றார். என் அம்மா ஏழு வருஷம் சல்லி உடைத்தவள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. கவிதையை எடுத்துவிட்டேன். அவர் தொல்காப்பியம் படித்தவர். தலைவி தான் அறிந்ததைப் பேசுவாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் என்னவெல்லாம் அறிந்திருப்பாள் என்பதையும் அவரே முடிவுசெய்துகொண்டார்.

அன்று நோட்டில் மூன்றாவது பத்தி ஒன்று போடச் சொன்னேன்: யார் சொல்கிறார், யாரிடம். திரும்பும் பேருந்தில் ஒருத்தியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பொருள்: வழி. உவமை: சூலம். சொன்னவர் மறையவர், கேட்டவர் கோவலன். பக்கத்தில் நான் சொல்லாத நான்காவது பத்தியையும் கோடு போட்டு எழுதியிருந்தாள்: கூட நடந்தவள், கண்ணகி.